பவர் போடும்போது எப்போதாவது வரும் கரகரப்பு

லிஃப்டுக்குள் பொருத்தும் அவசர அழைப்புப் போர்டு ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் பழுது பார்க்க என் மேசைக்கு வந்தது. பவர் போட்டால் பெரும்பாலும் ஒழுங்காகவே பேசும். ஏறத்தாழ இருபது முறைக்கு ஒருமுறை மட்டும் குரல் கிழிந்து கரகரக்கும். ஒருமுறை அப்படித் தொடங்கிவிட்டால், பவரை நிறுத்தி மறுபடி போடும்வரை சரியாகாது.

இத்தகைய பழுதில் கருவியை எடுப்பதற்கு முன் காதைக் கொடுக்க வேண்டும். யாரும் பேசாதபோதும் இரைச்சல் கேட்டால் சப்ளை, கிரவுண்ட், மிதக்கும் பின் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். தொடக்கத்தில் ‘டப்’ என்று ஒருமுறை கேட்டு அடங்கினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி முடிவதற்குள் ஆம்ப்ளிஃபையர் திறந்துவிட்டது என்று பொருள். இந்தப் போர்டிலோ அமைதியில் துளியும் இரைச்சல் இல்லை. மெல்லப் பேசினால் குரல் சற்று உரக்க, ஆனால் தெளிவாகவே கேட்டது. சத்தமாகப் பேசினால்தான் கிழிந்தது. லிஃப்டில் சிக்கியவர் மெல்லப் பேசமாட்டார், கத்துவார் என்பதை எண்ணியபோது எனக்கு உண்மையிலேயே கலக்கமாக இருந்தது.

குரல் செயலிச் சிப்புக்கும் முதன்மைச் செயலிக்கும் இடையே ஒலி, ஐ2எஸ் என்ற தொடர் இணைப்பில் பிட் பிட்டாகச் செல்கிறது. ஒலியை விநாடிக்கு 16,000 முறை அளக்கும் 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒருமுறை அளந்ததைச் சுமக்கும் பிட் தொகுப்புக்கு, 64 பிட் என்றால், ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் போடும் பிட் கிளாக் 1.024 மெகாஹெர்ட்ஸ், ஒரு பிட்டின் காலம் ஒரு மைக்ரோ விநாடிக்கும் சற்றுக் குறைவு. பெறும் பக்கம் ஒரே ஒரு பிட் தள்ளிப் படித்தால், எண் நேரா எதிரா என்று சொல்லும் முதல் பிட்டான குறி பிட் தொலைந்து, எண் இரட்டிப்பாகிறது. சிறிய எண்கள் இரட்டித்தாலும் இடம் கொள்ளும். 16 பிட்டில் 16,384-ஐத் தாண்டிய எண்ணோ இரட்டிக்கும்போது எதிர்க்குறிக்குப் புரண்டுவிடும். மெல்லிய குரல் தப்பியதும் உரத்த குரல் கிழிந்ததும் இதனால்தான்.

ஒவ்வொரு ஃபிரேமிலும், அதன் தொடக்கத்தைக் காட்டும் ஃபிரேம் கிளாக்கைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சிப்கள் உண்டு. தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு, அதன்பின் பிட்களை எண்ணிக்கொண்டே போகிற சிப்களும் உண்டு. எங்களுடையது இரண்டாம் வகை. ஆசிலோஸ்கோப்பில் ரீசெட் (குரல் சிப்பை விழிக்கவிடும் சிக்னல்), பிட் கிளாக், ஃபிரேம் கிளாக் மூன்றையும் ஒருசேர வைத்து, ரீசெட் எழும் விளிம்பில் டிரிகர் செய்து, பவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதன்மைச் செயலி தன் பின்னைச் சாதாரண நிலையிலிருந்து கிளாக் நிலைக்கு மாற்றும் கணத்தில் மெல்லிய ஊசி போல ஒரு துடிப்பு எழுந்தது. குரல் சிப் அதற்குள் விழித்திருந்தால் அதையும் ஒரு பிட்டாக எண்ணி, அனுப்புவதில் ஒரு பிட் முந்திவிடும். விழிக்கத் தாமதித்தால் தப்பிவிடும். விழிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சற்று மாறியதால்தான் பழுது வந்து வந்து போயிற்று.

பிட் கிளாக் தடத்திற்கு, யாரும் இயக்காதபோது அதைத் தாழ்நிலையில் பிடித்துவைக்கும் 10 கிலோ ஓம் புல்-டவுன் ரெசிஸ்டர் ஒன்று போட்டோம். கிளாக்குகள் ஓடி நிலைத்த பிறகே குரல் சிப்பின் ரீசெட்டை விடுவிக்குமாறு செயலிக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் வரிசையை மாற்றினோம். முதல் இரண்டு விநாடி ஒலியை அடக்கிவிடலாம் என்று வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. இரண்டு விநாடி கழித்தும் பிட் தள்ளியேதான் இருக்கும்.

இதற்கு முன் ஒருவர் சிப்பையே மாற்றி, இருபது முறை பவர் போட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது என்று போர்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். இருபதில் ஒருமுறை வரும் பழுது, எதையுமே சரிசெய்யாவிட்டாலும், தொடர்ந்து இருபது முறை வராமலிருக்க 36 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் குறைந்தது 59 முறை தொடர்ந்து பார்க்க வேண்டும். நாங்கள் பவரைத் தானாகப் போட்டு நிறுத்தும் ரிலே ஒன்றை வைத்து, இரவு முழுவதும் 300 முறை பவர் போட்டு எடுத்தோம். தொழிற்சாலைச் சோதனையில் அதுவரை ஒலித்தது முழு அளவில் கால் பங்கே உள்ள மெல்லிய தொனி. பிட் தள்ளியிருந்தாலும் அது தெளிவாகவே கேட்டிருக்கும். அதையும் முக்கால் பங்குக்கு உயர்த்தச் சொன்னோம்.