ஊத ஊதக் கொதித்த இரும்பு

சூடான டீயை ஊதினால் ஆறும். அடுப்பை ஊதினால் எரியும். உருகிய இரும்புக்குள் குளிர்ந்த காற்றை ஊதினால்? உறைந்து போகும் என்றுதான் அன்றைய இரும்புக்காரர்கள் பலரும் நினைத்தார்கள். இங்கிலாந்தின் கண்டுபிடிப்பாளர் ஹென்றி பெஸ்ஸமர் ஊதிப் பார்த்தார். எஃகை மலிவாகச் செய்யும் வழி அதில்தான் கிடைத்தது.

அவர் இரும்புத் தொழிலில் வளர்ந்தவரே இல்லை. காசு பார்த்தது தங்கநிறப் பூச்சுக்கான பித்தளைப் பொடியில். காப்புரிமை எடுத்தால் செய்முறை வெளியே தெரிந்துவிடுமே! அதனால் எடுக்கவில்லை. இயந்திரப் பாகங்களைத் தனித்தனி ஆட்களிடம் செய்யச் சொல்லி, பட்டறையை மைத்துனர்களிடம் ஒப்படைத்தார். அந்த ரகசியம் பல பத்தாண்டுகள் சோறு போட்டது.

சரி, இரும்புக்கு வருவோம். வார்ப்பிரும்பில் ஏறக்குறைய 4 சதவீதம் கார்பன். கூடவே கொஞ்சம் சிலிக்கான். தட்டினால் உடைவதற்குக் காரணம் அந்தக் கார்பன். அடியிலிருந்து காற்றை ஊதும்போது ஆக்சிஜன் முதலில் சிலிக்கானை எரிக்கிறது. கொப்பரை வாயில் தீப்பொறி பறக்கும். அப்புறம் கார்பன் எரிந்து, நீண்ட வெண்ணிறச் சுடராகச் சீறும். விறகு அந்த இரும்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வெளியே ஒரு துண்டு நிலக்கரி போடாமலே வெப்பம் 1,600 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். சுமார் 20 நிமிடத்தில் சுடர் சட்டென்று அடங்கினால் கார்பன் தீர்ந்தது என்று பொருள். உடனே காற்றை நிறுத்த வேண்டும்.

1856-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் இதை விளக்கிப் பேசினார். இந்த முறை காப்புரிமை எடுத்திருந்தார். ஒரே மாதத்தில் 27,000 பவுண்டுக்கு உரிமம் விற்றது. வாங்கியவர்களின் எஃகோ நொறுங்கியது! அவர்களுடைய இரும்பில் பாஸ்பரஸ் இருந்தது. ஊதினால் அது போகாது. பெஸ்ஸமர் சோதித்த, வேல்ஸின் பிளேனவன் ஊர் இரும்பில் அது குறைவு, வெறும் அதிர்ஷ்டம். பிறகு பாஸ்பரஸ் குறைந்த இரும்பைத் தேடி வாங்கி, ஷெஃபீல்டில் சொந்த ஆலையே போட்டு, மற்றவர்களைவிட மலிவாக விற்றார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊதிய இரும்பில் ஆக்சிஜன் தங்கிவிடும். சூட்டோடு அடித்தால் பிளக்கும். கடைசியில் மாங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்தால் அது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், தேவையான கார்பனும் திரும்ப வரும். இதைக் கண்டவர் ராபர்ட் முஷெட் என்ற பிரிட்டிஷ் உலோக வல்லுநர். 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் கட்டாததால் அவருடைய காப்புரிமை 1859-இல் காலாவதியானது. பெஸ்ஸமர் கோடீஸ்வரர் ஆனார். முஷெட் நொடித்துப் போனார். 1866-இல் முஷெட்டின் 16 வயது மகள் லண்டனுக்குப் போய், பெஸ்ஸமரிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டாள். அதன்பிறகுதான் முஷெட்டுக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு வரத் தொடங்கியது.