கனிதல்: ‘ரைப்பனிங்’ என்பதற்கு எது சரியான தமிழ்?

‘ரைப்’ அறுவடையில் பிறந்த சொல். ஆங்கிலத்தில் ‘ரீப்’ என்றால் கதிர் அறுப்பது. அறுக்கும் பதத்துக்கு வந்தது ‘ரைப்’. அதனால் காய் மரத்தில் தேறுவதும், பறித்தபின் இளகுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. தமிழில் இதற்கு மூன்று வினைகள்: முற்றுதல், பழுத்தல், கனிதல்.

முற்றியது பறிக்கத் தகுந்தது, அவ்வளவுதான். பழுத்தல் நிறத்தோடு ஒட்டிய சொல். இலை பழுக்கும், இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவோம். தெலுங்குப் ‘பண்டு’, கன்னட ‘ஹண்ணு’ எல்லாம் இதன் உறவு. கனிதல் இளக்கம். இரங்கும் மனம் கனியும், பழுக்காது.

இந்த வேறுபாடு பேரிக்காயில் நன்றாகத் தெரியும். வண்ணாரப்பேட்டை தள்ளுவண்டியில் வாங்கும்போது கல்லாக இருக்கும். ‘காய்’ என்று பெயர் நின்றதில் வியப்பில்லை. சில வகைகள் கடைசிவரை பச்சைதான், ஆனாலும் உள்ளே கனிந்திருக்கும். மரத்திலேயே விட்டால் நடுவிலிருந்து மாவாகிப் பழுப்பேறும். ஆகவே முற்றியதும் பறித்துவிடுவார்கள்.

கனிவது வேதி மாற்றம். எத்திலீன் வாயு தூண்ட, மாவுச்சத்து சர்க்கரையாகிறது. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் நீரில் கரையும் நிலைக்கு வர, சதை இளகுகிறது. மாவு எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, நறுக்கிய முகத்தில் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள்: கருநீலம் படர்ந்தால் இன்னும் காய். பல்லில் நறநறக்கும் கல் செல்கள் மட்டும் கனிந்தாலும் கரையாது. அது பழத்தின் குறையல்ல.

வீட்டில் கனியவைக்க: காகிதப் பையில் நாலு பேரிக்காய், எத்திலீன் விடும் ஒரு வாழைப்பழம், நிழலான இடம். தினமும் காம்பை ஒட்டிய கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே லேசாக அமுங்கினால் போதும். வயிறு அமுங்கும்வரை காத்திருந்தால் நடு கெட்டிருக்கும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் புளித்த வாடை வரும். கனிந்தபின்தான் ஃபிரிட்ஜ்.

நறுக்குவது இயற்பியல் மாற்றம்; நறுக்கிய துண்டு கறுப்பது வேதி மாற்றம். வெட்டுப்பட்ட செல்லின் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு தடவினால் தாமதமாகும்.

தோல் பச்சையாக இருந்தும் உள்ளே கனியும் பேரிக்காய்க்கு நேர் எதிர் ‘கல்லு வெச்ச மாம்பழம்’. கார்பைடு கல் ஈரம் பட்டு அசிட்டிலீனை விடும். அது எத்திலீன்போல நடித்துத் தோலை மஞ்சளாக்கிவிடும். முற்றாத காயாக இருந்தால் சர்க்கரையாக மாற உள்ளே மாவே போதாது. கடித்தால் புளிப்பு. அது பழுத்திருக்கிறது, கனியவில்லை. இந்தியாவில் கார்பைடுக்குத் தடை. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்குவரை பயன்படுத்தலாம்.

எனவே தோல் நிறத்தைப் பேசும் இடத்தில் ‘பழுத்தல்’, சதையும் சுவையும் மணமும் மாறுவதைச் சொல்லக் ‘கனிதல்’. ‘மெச்சூரிட்டி’க்குக் கடினமான கலைச்சொல் தேடவேண்டாம், ‘முற்றல்’ இருக்கிறது.