காய்ச்சல் என்றால்தான் லீவு கேட்க முடிகிறது

வெள்ளவத்தையில் நான் பின்னேரம் நோயாளர் பார்க்கும் டிஸ்பென்சரிக்கு ஓர் இளைஞர் நாலு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாக வந்தார். கோட்டைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதும் வேலை. தலையிடி, உடம்பு உளைவு, இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். பார்த்தால் காய்ச்சல் இல்லை, தொண்டையிலும் ஒன்றும் இல்லை. பிரஷர் மட்டும் அந்த வயதுக்குக் கூட. "டொக்டர், ரெண்டு நாளுக்கு மெடிக்கல் ஒண்டு தாங்கோ" என்றார்.

முதல் இரண்டு தடவையும் அந்த மருத்துவச் சான்றிதழை எழுதிக் கொடுத்திருந்தேன். இந்த முறை பேனையை எடுக்கவில்லை. இந்த வருடம் எத்தனை நாள் லீவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். போனில் பார்த்துவிட்டு 11 நாள் என்றார். அப்படியானால் அதில் இரண்டு நாளை எடுக்கலாமே என்றேன்.

"லீவு எண்டால் ஏன் எண்டு கேப்பினம் டொக்டர். வருத்தம் எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. தலையிடி உண்மை, உளைவும் உண்மை. உடம்பு களைத்துப் போய்விட்டது. ஆனால் களைப்பை அவருடைய ஒபிஸில் யாரிடமும் சொல்ல முடியாது. காய்ச்சலைச் சொல்லலாம். அதனால் களைப்பைக் காய்ச்சலாக மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார். இப்படி வருகிறவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. (இங்கே சொல்கிறவர்களின் விவரங்களை ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

ஒரு மருத்துவராக இதில் எனக்கு உள்ள சங்கடத்தையும் சொல்லவேண்டும். மெடிக்கலில் என் கையெழுத்தும் பதிவு இலக்கமும் இருக்கின்றன. இல்லாத நோயை எழுத எனக்கு உரிமை இல்லை. இருக்கிற களைப்பை எழுதவும் அதில் இடம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் வேலையால் வரும் இந்த முழுச் சோர்வு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதை ஒரு நோயாக அல்ல, தொழிலோடு சேர்ந்த ஒரு நிலையாகத்தான் சேர்த்தார்கள். அதற்குச் சொல்லும் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையில் மனம் விட்டுப்போவது அல்லது வெறுப்பு வருவது, முன்பு செய்ததுபோல் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இவை சரியாகக் கையாளப்படாத நீண்ட கால வேலை அழுத்தத்தால் வருகின்றன. அந்த இளைஞரிடம் மூன்றும் இருந்தன. முதல் இரண்டு தடவையும் நான் இதைக் கேட்காமலே "வைரஸ் காய்ச்சல்" என்று எழுதிவிட்டேன். அது என் பிழை. அந்த இரண்டு தாள்களும் அவரை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கொழும்பில் கடையிலோ தனியார் ஒபிஸிலோ வேலை செய்யும் பெரும்பாலானவர்கள் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறார்கள். ஒரு வருட வேலைக்குப் பிறகு சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த லீவு. அதற்குப் புறம்பாக 7 நாள் சமயோசித லீவு. நோய்க்கென்று இந்தச் சட்டத்தில் தனி லீவு கிடையாது, அந்த 7 நாளுக்குள்தான் சுகயீனமும் சொந்த அலுவலும் அடங்கும். தனி மெடிக்கல் லீவு தரும் நிறுவனங்கள் தங்கள் விதிப்படி தருகின்றன.

இந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. 14 நாளில் 7 நாளையாவது தொடர்ச்சியாக எடுக்கவேண்டும். அதை எழுதியவர்கள் எந்த யோசனையில் எழுதினார்களோ தெரியாது, ஆனால் மருத்துவமாகப் பார்த்தால் அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான். ஏனென்றால் உடம்பு லீவுக்குள் போக நாள் எடுக்கும். முதல் இரண்டு நாளும் விடியப்புறம் வழக்கமான நேரத்துக்கே கண் முழிக்கும். கை போனைத் தேடும். லீவு தொடங்கியதும் தலையிடியும் தடிமனும் வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் நித்திரை ஆழமாகும். ஆரோக்கியமான உடம்பில் இரவு நித்திரையில் பிரஷர் பகலைவிட நூற்றுக்குப் பத்து வீதமாவது இறங்கவேண்டும். நித்திரை கெட்டவர்களுக்கும் மனம் அடங்காதவர்களுக்கும் அது ஒழுங்காக இறங்காமல் போகலாம். இரண்டு நாள் லீவு, உடம்பு ஆறத் தொடங்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

"எங்கட நாட்டில லீவுக்கு என்ன குறை, மாதம் ஒரு போயா இருக்கே" என்று ஒரு மனேஜர் என்னிடமே சொன்னார். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை இருக்கிறது, உண்மைதான். அன்றைக்கு உடுப்புத் தோய்க்கிறோம், சந்தைக்குப் போகிறோம், பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போகிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவருக்கு அதுவும் இல்லை. பன்னிரண்டு தனி நாள்களைச் சேர்த்துக் கூட்டினால் எண்ணிக்கை வரும், ஓய்வு வராது.

எங்கள் ஆட்களின் லீவு எதில் போகிறது என்று நோயாளர்களிடம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். ஊரில் கலியாணம். அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். நல்லூர்த் தேர். பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்தின வாரம், இது பெரும்பாலும் அம்மாவின் லீவு. ஜூலை, ஓகஸ்டில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வருவார்கள். கட்டுநாயக்காவுக்குப் போய்க் கூட்டி வந்து, யாழ்ப்பாணம் கொண்டுபோய், திருக்கோணேஸ்வரம் காட்டி, திரும்ப ஏற்றி அனுப்பும்வரை இங்கே இருக்கிறவரின் லீவுதான் கரைகிறது. வந்தவர்களுக்கு அது விடுமுறை, கூட்டித் திரிந்தவருக்கு அது இன்னொரு வேலை. பிறகு ஞாயிறு இரவு பஸ் ஏறி, விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறங்கி, குளித்துவிட்டு எட்டரைக்கு ஒபிஸ். இந்தக் கடமைகளை விடச் சொல்ல நான் யார்? அவை இல்லாமல் நாங்கள் இல்லை. ஆனால் அவற்றை ஓய்வு என்று கணக்கெழுதக் கூடாது. 14 நாளும் அதற்கே போனால் வருடம் முழுவதும் ஓயவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னும் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. என் அப்பாவின் பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லாரும் ஒரு வார்த்தையைச் சொன்னார்கள்: "ஒரு நாள்கூடத் தேவையில்லாமல் லீவு எடுக்காத மனுசன்." கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உத்தியோகம் ஒன்றே காலூன்றும் நிலமாக இருந்த தலைமுறை அது. ஊரில் வீடு உடைந்திருக்கலாம், காணி போயிருக்கலாம், கொழும்பில் ஓர் அறையும் மாதச் சம்பளமும் மிஞ்சின. அந்தச் சம்பளத்தை ஒருவரும் குறை சொல்லாதபடி காப்பாற்றவேண்டும் என்ற பயம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. 2022இல் அது இரட்டிப்பானது. விலைகள் ஏறின, சம்பளம் ஏறவில்லை. பக்கத்து மேசைக்காரர் வெளிநாடு போனார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அவருடைய வேலை இவருடைய மேசைக்கு வந்தது. அப்புறம் எப்படி லீவு கேட்பது? கேட்டால் வேலை நின்றுபோகும் என்று ஒரு பயம். நான் இல்லாமலும் வேலை நடந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். இந்த இரண்டாவதைப் பலரும் கதவைச் சாத்திய பிறகுதான் சொல்கிறார்கள்.

சில இடங்களில் லீவு எடுக்காமல் இருப்பதற்கே காசு கொடுக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வரவுக்கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. ஒன்றிரண்டு நாள் வராவிட்டால் வெட்டு. மாதச் சாமான் கணக்கில் அந்தக் காசையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பத்துக்கு லீவு என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். மெல்பனில் காலை ஒன்பது மணி என்றால் கொழும்பில் விடியப்புறம் நாலரை, அவர்களுடைய கோடை நேரத்தில் மூன்றரை. அங்கேயுள்ள ஒருவர் ஒபிஸுக்கு வந்து முதல் அனுப்பும் செய்திக்கு இங்கே தலையணைக்குக் கீழே போன் அதிர்கிறது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, எடுக்காமல் விடுவது நியாயமற்றதாக இருந்தாலொழிய, எடுக்காமல் விட ஊழியருக்குச் சட்ட உரிமை உண்டு. பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேச்சுவார்த்தை நடத்தவேண்டும் என்ற விதி 2017 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. எங்கள் 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று சொல்கிறது, வட்ஸ்அப் அன்றைக்கு இல்லை. விடியப்புறம் பார்த்த செய்தியை அந்த 45க்குள் யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் பலருக்கு 55ஐத் தாண்டும். அந்த 55 ஒரு முக்கியமான கோடு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, கிழமைக்கு 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55உம் அதற்கு மேலும் செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் கூட. இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் கூட.

காப்புறுதி நிறுவனமொன்றில் பிரிவுத் தலைவியாக இருக்கும் ஓர் அக்கா மூன்று நாள் நுவரெலியா போய் வந்தார். திரும்பி வந்தபோது பிரஷர் போகும்போது இருந்ததைவிடக் கூட. லப்டொப்பைக் கொண்டுபோகவில்லை, போனும் பெரிதாக அடிக்கவில்லை என்றார். "ஆனா டொக்டர், முடிக்காம விட்ட ஃபைல் ஒண்டு மண்டைக்குள்ளயே நிண்டது." இதற்கு ஒரு விளக்கம் உண்டு. முடித்த வேலையைவிட முடிக்காத வேலையைத்தான் மனம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் என்று 1927இலேயே புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பிற்காலத்தில், 2011இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. வேலையை முடிக்கத் தேவையில்லை, அதை எப்போது, எப்படி முடிப்பேன் என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அது மனதைக் குடைவது குறைகிறது என்று அதில் கண்டார்கள்.

அதனால் இப்போது மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் எழுதச் சொல்கிறேன். லீவுக்குப் போவதற்கு முதல் நாள், தொங்கி நிற்கும் வேலை ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் அதைப் பார்க்கப்போகிறவர் பெயர், இல்லையென்றால் நான் வந்து பார்க்கும் திகதியும் நேரமும். அவசரம் என்றால் என்ன என்பதை மேலதிகாரியோடு முன்கூட்டியே பேசி, அதற்கு மட்டும் யார், எந்த இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று முடிவு செய்யவேண்டும். வட்ஸ்அப் குரூப்பின் சத்தத்தை நிறுத்தி, உள்ளே போய்ப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்தவேண்டும், இரண்டாவதுதான் கடினம். ஊருக்குப் போனால் ஒரு நாள் முந்தித் திரும்பி வாருங்கள். அந்த அக்கா இரண்டாம் முறை தாளோடு போனார். பிரஷர் இறங்கியது என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், மருந்தையும் கூட்டியிருந்தேன். ஆனால் நித்திரை வந்தது என்றார்.

முகாமையாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது: வருடாந்த லீவுக்கு ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் ஆளுக்குக் காரணம் தேவையில்லை, அது அவருடைய சம்பளத்தின் ஒரு பகுதி. பல வங்கிகளில் ஊழியர் வருடத்தில் சில நாள்கள் தொடர்ச்சியாக வெளியே இருக்கவேண்டும் என்று கட்டாயமே இருக்கிறது. மோசடி நடந்தால் அந்த நாள்களில் வெளியே வரும் என்பதற்காக வைத்த விதி அது. ஆனால் அந்த விதியால் ஒவ்வொரு மேசையின் வேலையும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற ஒபிஸ்களாலும் இது முடியும்.

அந்த இளைஞருக்கு மூன்றாவது மெடிக்கலை நான் எழுதவில்லை. 11 நாளில் ஏழைத் தொடர்ச்சியாகக் கேட்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, ஏழு நாள் கேட்டு ஐந்து நாள் கிடைத்தது என்று செய்தி அனுப்பினார்.

இதை எழுதும் கிழமையில் செட்டியார் தெருவில் நகைக்கடையொன்றில் 26 வருடம் நிற்கும் ஓர் ஐயா வந்தார். சீனி வருத்தம், காலில் ஆறாத ஒரு புண். தைப்பொங்கல், தீபாவளி தவிர லீவு தெரியாதவர். எந்த லாச்சியில் எது இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது, ஒரு நாள் நிற்காவிட்டால் போன் மேல் போன். 14 நாள் உங்களுக்கும் உண்டு, கடைக்காரருக்கும் இதே சட்டம்தான் என்றேன். நம்பவில்லை. "அது ஒபிஸ் ஆக்களுக்கெல்லோ தம்பி" என்றார். இல்லை ஐயா, சட்டத்தின் பெயரிலேயே கடைதான் முதலில் வருகிறது என்றேன். முதலாளி நல்ல மனுசன், தொழில் திணைக்களத்துக்கெல்லாம் போகத் தேவையில்லை, ஒரு தாளில் தமிழில் எழுதித் தாங்கோ, நான் காட்டுறன் என்றார். சட்டத்தின் இலக்கத்தையும் 14ஐயும் 7ஐயும் எழுதி, கால் ஆற ஒரு கிழமை நிற்காமல் இருக்கவேண்டும் என்று கீழே சேர்த்துக் கையெழுத்து வைத்தேன். இது உண்மையான மெடிக்கல். புண்ணுக்கு மருந்து கட்ட வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.