அடுப்பைத் துலக்க ஆசிட் வேண்டாம் தாயி

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் வில்லாபுரத்திலிருந்து போன். "அண்ணே, தீ மஞ்சளா எரியுது, சட்டியெல்லாம் கரி பிடிக்குது. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வேற வந்து எறங்கிட்டாங்க." போய் பர்னரைக் கழற்றினேன். பித்தளை மஞ்சளாக இல்லை, செம்புக்குடம் மாதிரி சிவந்து கிடந்தது. கட்டை விரலால் தடவினேன், ஓட்டைகளின் ஓரம் பொருபொருவென உதிர்ந்தது.

"எதுல ஊற வச்சீங்க தாயி?"

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில், பிளாஸ்டிக் மக்கில், ராத்திரி முழுக்க. இந்தச் சித்திரையில் மட்டும் இப்படி நான் தூக்கிப் போட்டது நாலாவது பர்னர். இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையில் அடுப்பு சர்வீஸ் பார்க்கிறேன், இவ்வளவு பாழானதை முன்பு பார்த்ததில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"பளபளன்னு ஆச்சேண்ணே, அழுக்கு போனதாலதானே?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆசிட் துத்தநாகத்தை உருவிக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பது சல்லடையாய்ப் போன செம்பு. நீங்கள் பார்த்துச் சந்தோஷப்படும் பளபளப்பு, தோல் உரிந்த இடத்தின் பளபளப்பு. சரி, அடுப்பில் இருக்கிற அழுக்குதான் என்ன? வழிந்த பால், பொங்கிய கஞ்சி, தாளிக்கும்போது தெறித்த எண்ணெய். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது சோப்பும் சோடாவும்தான், ஆசிட்டுக்கு அங்கே வேலையே கிடையாது. போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் புளிப்பு வேண்டும், உண்மைதான். அதற்கு நம் வீட்டுப் புளி போதும். குத்துவிளக்கை எதில் துலக்குகிறோம்? யாராவது விளக்கை ராத்திரி முழுக்க ஆசிட்டில் போடுவோமா? பர்னரும் அதே பித்தளைதானே!

ஆசிட்டில் அரித்த ஓட்டை ஒன்று பெரிதாகும், ஒன்று அடையும். தீ ஒரு பக்கம் தூக்கி எரியும், ஒரு பக்கம் படுத்துவிடும். அதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது, புதுசுதான் மாட்ட வேண்டும்.

பர்னர் போனால் போகட்டும். அதே அக்கா அடுப்பு மேடையில் பிளீச்சிங் பவுடரும் தூவி, கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். மூச்சு அடைத்து, கண்ணெரிச்சல் தாங்காமல் வாசலுக்கு ஓடி வந்ததாகச் சொன்னார். அது குளோரின் வாயு. சின்ன அடுப்படியில், ஜன்னலும் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த இரண்டையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள்.

வேலை இவ்வளவுதான். முதலில் ரெகுலேட்டரை அணையுங்கள், அடுப்பு நன்றாக ஆறட்டும். பர்னர், ஸ்டாண்ட், தட்டு எல்லாவற்றையும் கழற்றி, கொதிக்கக் காய்ந்த தண்ணீரில் பாத்திரம் விளக்கும் சோப்பும் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடாவும் கரைத்து அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். (துணி சோடா இன்னும் வேகமாகப் பிசுக்கை எடுக்கும். ஆனால் அலுமினியத்தில் பட்டால் கறுத்துவிடும், பார்த்துச் செய்யுங்கள்.) எலுமிச்சையையும் சோடாவையும் சேர்த்துப் பொங்க வைக்கிறார்கள், ஒன்றை ஒன்று அடித்து, இரண்டும் வீண். மேடையில் காய்ந்து இறுகிய பாலைச் சுரண்ட வேண்டாம். வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் அதன்மேல் போட்டு வையுங்கள், தானாக இளகி வரும். பர்னர் ஓட்டைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள், கவிழ்த்துத் தட்டுங்கள், வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டிவிட்டு "எரியலண்ணே" என்று போன் செய்யாதீர்கள்.

பர்னருக்குக் கேஸை விடும் சின்னப் பித்தளை முனைதான் ஜெட், அதில் ஊக்கு, ஊசி எதையும் விடாதீர்கள். அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வரும், கரி பிடிக்கும். அடைத்திருந்தால் கூப்பிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பால் பொங்கியதும் பதறிப்போய்ச் சூட்டோடு ஈரத்துணியைப் போட்டுவிடுகிறீர்கள். கண்ணாடி பொடிப்பொடியாகத் தெறித்த வீட்டில் நான் கூட்டிப் பெருக்கிக் கொடுத்திருக்கிறேன். கறை எங்கும் ஓடிப்போகாது, ஆறட்டும். கத்தியும் கம்பி நாரும் அதன்மேல் படவே கூடாது.

எல்லாம் மாட்டியபின் டியூப் சேரும் இடத்தில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், முட்டை விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆரஞ்சு டியூப்பில் வருஷம் அச்சடித்திருக்கும், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். கேஸ் வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் போடுங்கள். ராத்திரியானாலும் எடுப்பார்கள்.