சோகை: ஒரு சொல்லும் அது சுட்டும் பல குறைகளும்

'அனீமியா' என்று மருத்துவச் சீட்டுகளில் நாம் காணும் சொல் கிரேக்க மொழியின் இரண்டு உறுப்புகளால் ஆனது. 'அன்' என்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஹைமா' என்பது குருதி. சேர்த்துப் பொருள் கொண்டால் 'குருதியின்மை' என்றாகும். ஆனால் இந்நோய் கண்டவரின் உடலில் குருதி இல்லாமல் போய்விடுவதில்லை. பெரும்பாலும் அதன் மொத்த அளவுகூடக் குறைவதில்லை. குறைவது, நுரையீரலில் உயிர்வளியைப் பற்றிக்கொண்டு உடலின் ஒவ்வொரு திசுவுக்கும் அதைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமிப் புரதம். தமிழில் இதற்கு வழங்கும் 'இரத்தசோகை' என்ற பெயர் அளவைப் பற்றி எதுவும் சொல்லாமல் வெளுத்துப்போன நிறத்தையே சொல்வதால், கிரேக்கப் பெயரைவிட நோயின் இயல்புக்கு நெருக்கமாக நிற்கிறது என்பது என் துணிபு.

சோகை என்பது மேனியின் வெளுப்பையும் அதனோடு வரும் சோர்வையும் ஒருங்கே குறிக்கும் சொல். 'சோகை பிடித்த முகம்' என்று ஊர்களில் இன்றும் சொல்வார்கள். சித்த மருத்துவ மரபில் 'பாண்டு, சோபை, காமாலை' என்று மூன்று நோய்களை ஒரே வரிசையில் வைத்து மருந்து சொல்வது வழக்கம். இவற்றுள் பாண்டு என்பது வெளிறிய நிறத்தைக் குறிக்கும் வடசொல்; வியாசரைக் கண்டு அம்பாலிகை அஞ்சி வெளிறியதால் அவள் மகன் வெளிறிய மேனியோடு பிறந்து அப்பெயர் பெற்றான் என்பது மகாபாரதக் கதை. சோபை என்பது வீக்கம். சோகையையும் சோபையையும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாகக் கொள்வாரும் உண்டு. மருத்துவ நோக்கில் இந்த நெருக்கம் வியப்புக்குரியதன்று. சோகை மிக முற்றும்போது, குறைந்த உயிர்வளியை ஈடுகட்ட ஓயாமல் விரைந்து துடித்துத் துடித்து இதயம் தளர்ந்துவிட, பாதங்களிலும் முகத்திலும் நீர் கோத்து வீக்கம் காணும். வெளுப்பும் வீக்கமும் ஒரே உடலில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் கண்ட பழைய மருத்துவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசியதில் பொருள் இருக்கிறது. துயரத்தைக் குறிக்கும் 'சோகம்' என்ற சொல்லிலிருந்து சோகை வந்தது என்று சிலர் எழுதுவதை ஏற்பதற்கில்லை. நோயாளியின் வாடிய முகத்தைக் கண்டு பின்னால் எழுந்த கற்பனையாகவே அது தோன்றுகிறது.

முன்னிற்கும் சொல்லையும் பார்க்க வேண்டும். 'இரத்தம்' என்பதன் மூலமான 'ரக்த' என்ற வடசொல்லுக்கு நிறமூட்டப்பட்டது, சிவந்தது என்பதே முதற்பொருள். 'குருதி' என்ற தமிழ்ச்சொல்லை, நிறத்தைக் குறிப்பதாகத் தொல்காப்பியம் சொல்லும் 'குரு' என்ற உரிச்சொல்லோடு இணைத்துக் காண்பர். அவ்வாறு கொண்டால், இரண்டு சொற்களும் அந்தப் பொருளை அதன் நிறத்தாலேயே அழைக்கின்றன. அந்த நிறத்தைத் தருவது இரும்பைத் தாங்கிய ஹீமோகுளோபின் என்பதால், குருதிச்சோகை என்ற கூட்டுச்சொல் நிறத்தால் பெயர் பெற்ற ஒன்று தன் நிறத்தை இழப்பதைச் சொல்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'குருதிச்சோகை' நிலைபெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் 'இரத்தசோகை' பரவலாக வழங்குகிறது. புணர்ச்சி விதிப்படி மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து 'இரத்தச்சோகை' என்று வருவதே முறையானாலும், வல்லினம் மிகாத வடிவமே வழக்கில் ஊன்றிவிட்டது. எழுத்தில் புதிதாகத் தொடங்குவோருக்குக் குருதிச்சோகை என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

உடலில் நடப்பதைச் சொல்லாமல் இச்சொல்லின் பொருள் முழுமை பெறாது. எலும்பு மச்சையில் பிறக்கும் ஒவ்வொரு சிவப்பணுவும் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து மடிகிறது. அதிலிருந்த இரும்பை உடல் வீணாக்காமல் எடுத்துப் புதிய அணுக்களுக்குக் கொடுக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தமே மூன்று, நான்கு கிராம்தான். மாதவிடாயில் இழக்கும் குருதி, கருவில் வளரும் குழந்தையின் தேவை, குடலில் கொக்கிப்புழு உறிஞ்சுவது ஆகியவற்றால் இந்தச் சிறு இருப்பு கரையும்போது, அணுக்கள் அளவில் சிறுத்தும் நிறத்தில் வெளிறியும் பிறக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு டெசிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்கும் (கருக்காலத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5 கிராமுக்கும்) கீழே இறங்கினால் அது சோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இந்நிலையில் இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்படுவதாலேயே இது நோயாகக் கருதப்படாமல் பெண்களின் இயல்பு போல ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது; இதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. படியேறினால் மூச்சிரைப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல், காரணமில்லாத படபடப்பு, கீழிமையின் உட்புறத்திலும் நாக்கிலும் உள்ளங்கையிலும் வெளுப்பு, நடுவில் குழிந்து கரண்டி போலாகும் நகம் என்று உடல் பலவிதமாக அறிவிக்கிறது. தலைசுற்றலைப் 'பித்தம்' என்று ஒதுக்கிவிட்டு எலுமிச்சைச் சாறு குடித்துப் படுத்துவிடும் பழக்கத்தால் எத்தனையோ பேரின் சோகை பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகிறது.

'ரத்தம் கம்மியா இருக்கு' என்ற பேச்சு வழக்குத் தொடரும் கவனத்துக்குரியது. குருதியின் அளவு குறைந்துவிட்டது என்று இதைப் புரிந்துகொள்வோரும், குறைந்த இரத்த அழுத்தத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு உப்பு கலந்த நீர் குடிப்போரும் இருக்கிறார்கள். அழுத்தம் என்பது குழாய்ச் சுவரின்மேல் குருதி செலுத்தும் விசை. சோகை என்பது குருதியின் சுமக்கும் திறன் குறைந்த நிலை. முன்னது கையில் பட்டை கட்டி அளந்தால் தெரியும். பின்னது குருதியைச் சோதித்தால்தான் தெரியும்.

இரும்பு குறைந்தவர்களிடம் காணும் வியப்பான அறிகுறி ஒன்று, மண், சாம்பல், சாக்குக்கட்டி, பச்சரிசி போன்றவற்றைத் தின்னும் வேட்கை. கருவுற்ற பெண்களின் இத்தகைய வேட்கைக்குச் சங்கத் தமிழில் 'வயா' என்றும் 'வயவு' என்றும் பெயர் உண்டு. புறநானூற்றின் இருபதாம் பாடலில் சேர மன்னனைப் புகழும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் உண்ண மாட்டார் என்று பாடுகிறார். மன்னனின் வலிமையைச் சொல்ல வந்த பாடல் அது. ஆனாலும் கருவுற்றவர்கள் மண் தின்றதை எல்லோரும் அறிந்த செய்தியாக அது பதிவு செய்கிறது. எல்லா வேட்கையும் சோகையால் வருவதன்று. எனினும் ஒரு பெண்ணோ குழந்தையோ தொடர்ந்து மண் தின்றால், திட்டுவதை விட்டு ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பதே செய்யத்தக்கது.

சில வைட்டமின்கள் குறைந்தாலும் சோகை வரும் என்பதால், இனி 'வைட்டமின்' என்ற சொல்லைப் பார்ப்போம். இச்சொல்லின் பிறப்பில் நம் அன்றாட உணவுக்கும் பங்குண்டு. தீட்டிய அரிசியை மட்டும் உண்டவர்களை வாட்டிய பெரிபெரி நோயைத் தவிட்டில் உள்ள ஏதோ ஒரு பொருள் தடுக்கிறது என்பது தெரிந்திருந்த காலத்தில், போலந்தில் பிறந்து லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த காசிமிர் ஃபங்க், அப்பொருளுக்கு 1912இல் பெயர் சூட்டினார். இலத்தீனில் உயிரைக் குறிக்கும் 'வீட்டா'வோடு, 'அமீன்' என்ற வேதிப்பொருள் வகையின் பெயரைச் சேர்த்தார். இப்பொருள்கள் எல்லாம் அமீன்கள் அல்ல என்பது பின்னர் தெரியவந்தபோது, ஜாக் டிரம்மண்ட் 1920இல் ஆங்கில எழுத்துக்கூட்டலின் இறுதி எழுத்தை நீக்கிவிட்டு, ஏ, பி, சி என்று எழுத்தால் அழைக்கலாம் என்றார். தமிழில் இதை 'உயிர்ச்சத்து' என்று ஆக்கியவர்கள் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு, தவறென்று தெரிந்துவிட்ட அமீனை விட்டுவிட்டது நல்ல முடிவு. ஒலிபெயர்ப்பில் தமிழ்நாட்டார் 'வைட்டமின்' என்றும், ஈழத்தார் 'விற்றமின்' என்றும் எழுதுவர். இரும்பு உயிர்ச்சத்து அன்று, அது தாது. 'இரும்பு வைட்டமின்' என்று விளம்பரத்திலோ பேச்சிலோ வருவது பிழை.

சோகைக்கும் உயிர்ச்சத்துக்கும் உள்ள தொடர்பு துலங்கியதில் தமிழகத்துக்கும் இடமுண்டு. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், பஞ்சாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களைக் கொடுமையாகத் தாக்கிய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு அவரை நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அறியப்படும் கோஷா மருத்துவமனைக்கும் கொண்டு வந்தது. அப்பெண்களின் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கவில்லை. அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். 1931இல் அவர் இதை வெளியிட்ட பிறகு, ஈஸ்டில் இருந்த அந்த அறியப்படாத பொருள் சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கியது. 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'ஃபோலிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். 'இலைக்காடி' என்று தமிழாக்கினால் பிழையாகாது, ஆனால் மருந்துக் கடையில் புரியாது; ஃபோலிக் அமிலம் என்றே எழுதலாம். இந்தச் சத்து இல்லாதபோது மச்சையில் உள்ள அணுக்கள் பகுந்து பெருக முடியாமல் முதிராமலேயே பருத்து நின்றுவிடுகின்றன. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் இச்சத்தில் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும்.

பி12 குறைந்தாலும் அணுக்கள் இதே போலப் பெருக்கும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கோபால்ட் என்ற உலோகத்தைத் தாங்கியிருப்பதால் 'கோபாலமின்' என்ற பெயரும் கொண்ட இந்த உயிர்ச்சத்து தாவரங்களில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. இது குருதி ஆக்கத்துக்கு மட்டுமன்றி நரம்பிழைகளின் உறைக்கும் தேவை. ஆதலால் குறைபாடு நீளும்போது கைகால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை தோன்றும். பி12 இல்லாதவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் குருதி தேறிவிடும். சோதனை அறிக்கையும் நன்றாக இருக்கும். நரம்புச் சேதமோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும். வயிற்றில் சுரக்க வேண்டிய ஒரு காரணி இன்மையால் பி12ஐ உடல் ஏற்க முடியாத நிலையைப் 'பெர்னீசியஸ் அனீமியா' என்பர். 'கொடுஞ்சோகை' என்பது இதற்குப் பொருத்தமான தமிழ். 1926இல் ஈரல் உணவால் இதைத் தணிக்கலாம் என்று மைனாட்டும் மர்ஃபியும் காட்டும் வரை, இது வந்தவர் பிழைப்பது அரிதாக இருந்தது.

எனவே 'சோகை' என்று மட்டும் எழுதுவது போதாது. அதன் முன்னே காரணத்தைச் சேர்த்து, இரும்புக்குறைச் சோகை, ஃபோலிக்குறைச் சோகை, பி12குறைச் சோகை என்று எழுத வேண்டும். சித்த மருத்துவத்தில் பாண்டுவுக்குச் சொல்லப்படும் அன்னபேதியும், அரசு மருத்துவமனைகளில் தரும் சத்து மாத்திரையில் பொதுவாக உள்ள ஃபெரஸ் சல்பேட்டும் ஒரே இரும்பு உப்பு. இரும்பு குறைந்தவருக்கு அது மருந்து. மாத்திரையோடு எலுமிச்சை, நெல்லி போன்ற சி சத்துள்ளவற்றை எடுத்துக்கொண்டால் இரும்பு நன்கு சேரும், தேநீரும் காபியும் அதைத் தடுக்கும். ஆனால் நீலகிரிப் பழங்குடிகள் சிலரிடம் மரபுவழி வரும் அரிவாள் அணுச் சோகையிலும், குருதி மாற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும் தலசீமியாவிலும் குறை அணுக்களின் அமைப்பில் இருக்கிறது. அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியா நோயாளியின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்து ஈரலிலும் இதயத்திலும் படிந்திருக்கும் என்பதால், சோகை என்ற பெயரைக் கேட்டதும் அவருக்கு இரும்பு மாத்திரை கொடுப்பது கேடு விளைவிக்கும்.