பைனஸ் கட்டையிலும் திமிங்கிலக் காதிலும் வயது

பண்டாரவளைப் பக்கம் பைனஸ் மரம் வெட்டிய இடம் கண்ணில் பட்டால், அடிக்கட்டையைக் குனிந்து பாருங்கள். பிசின் கசிந்து மினுங்கும் வெட்டுமுகத்தில் வெளிறிய வளையமும் கருத்த வளையமும் மாறி மாறி ஓடும். நீலத் திமிங்கிலத்தின் காதுக்குள்ளும் இதேபோல் வெளிறலும் கருமையும் அடுக்கடுக்காக உண்டு.

மழை தாராளமாகக் கிடைக்கும்போது மரம் அகலமான, சுவர் மெலிந்த செல்களை உருவாக்கும். அது வெளிர் வளையம். தண்ணீர் குறைந்தால் செல்கள் ஒடுங்கிச் சுவர் தடிக்கும். அது கரு வளையம். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வளர்ச்சியே நின்றுவிடுவதால் ஒரு சோடி ஓர் ஆண்டு. நம் மலையகத்தில் அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. 1970களிலும் 80களிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புல்வெளிகளிலும் பெருமளவில் நட்ட கரீபியன் பைனஸுக்கு இங்கே பனிக்காலம் ஏது? வரட்சி வந்து, மறுபடி மழை பிடித்தால் ஒரே ஆண்டில் இரண்டு கரு வளையம் விழலாம். பைனஸ் காய் பொறுக்கப் போகும் பிள்ளைகள் வளையத்தை எண்ணிச் சொல்லும் வயது கூடிப்போக இடமுண்டு.

திமிங்கிலத்தின் காதுத் துவாரம் வெளிப்பக்கம் மூடியிருக்கும். மெழுகும் உதிர்ந்த தோல் செல்களும் போக வழியில்லாமல் ஆயுள் முழுக்க உள்ளேயே படியும். நன்றாகத் தின்னும் பருவத்தில் கொழுப்பு மிகுந்த வெளிர் அடுக்கு. பட்டினியோடு நெடுந்தூரம் நீந்தும் பருவத்தில் கரு அடுக்கு. 2007இல் கலிபோர்னியாவுக்கு அருகே கப்பல் மோதி இறந்த ஓர் ஆண் நீலத் திமிங்கிலத்தின் காதுமெழுகு சுமார் 25 சென்ரிமீற்றர் நீளம். அதை அடுக்கடுக்காகப் பிரித்து ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல், உடலில் சேர்ந்த பாதரசம் எல்லாம் எந்த வயதில் எவ்வளவு என்று அதில் தெரிந்தது. அதைவிட என்னை உலுக்கியது முதல் ஆறு மாதத்து அடுக்குதான். டிடிடி போன்ற பூச்சிகொல்லி நஞ்சு அதிலேயே ஏராளம். குட்டி தாய்ப்பால் குடிக்கும் காலம் அது. நஞ்சு தாயிடமிருந்தே வந்திருக்கிறது. மரவளையம் எனக்குப் பிடித்த விஷயம்தான், ஆனாலும் ஓர் உயிரின் கதையை இவ்வளவு நெருக்கமாக அது சொல்லிவிடாது.

சரி, மரத்துக்கு ஒரு வசதி உண்டு. உயிரோடு இருக்கும்போதே துளைகருவியால் 5 மில்லிமீற்றர் பருமனில் ஒரு குச்சி எடுத்து வளையத்தைப் பார்க்கலாம். காயத்தைப் பைனஸ் பிசினால் அடைத்துக்கொள்ளும். திமிங்கிலத்தின் காதுமெழுகு கிடைப்பது அது செத்த பிறகுதான். தேவேந்திரமுனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் போகும் பாதையில் நீலத் திமிங்கிலங்கள் அடிபட்டுச் சாகின்றன. அப்படி ஒன்று கரையொதுங்கினால், புதைக்கும் முன் அதன் காதுமெழுகை எடுத்துப் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும்.