“சேர்த்துக்கிட்டதே பெருசு” என்று சொல்லும் பெற்றோருக்கு

சிறப்புப் பள்ளியில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். என்னைப் பார்க்க வரும் தமிழ்ப் பெற்றோரில் பலர் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்கள். பள்ளி வேன் தினமும் பிந்துகிறது என்று சொல்ல வந்தவர்கூட, “குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க மிஸ், நம்ம பிள்ளைய சேர்த்துக்கிட்டீங்களே, அதுவே பெருசு” என்றுதான் ஆரம்பிப்பார். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளைக்கு ஒன்று என்றால் இதே அம்மா நேராக முதல்வரையே போய்ப் பார்ப்பார்.

இந்தத் தயக்கத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் வந்த வழி அப்படி. நல்ல மனம் படைத்த நாலு பேர் கூடிக் கொடுத்தது அது. சட்டம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பிள்ளைகள் வீட்டின் உள்ளறையில் இருந்தார்கள். இல்லையென்றால் இயோ சூ காங் சாலையில் 1928-ல் திறக்கப்பட்டு, பின்னாளில் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்ற மனநல மருத்துவமனைதான். மனநோய் வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு என்பது படித்தவர்களுக்கே தெளிவாக இல்லாத காலம். இன்றும் எல்லாருக்கும் தெளிவு என்று சொல்லிவிட முடியாது. “மாத்திரை குடுத்தா சரியாயிடுமா?” என்ற கேள்வி எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

1962-ல் இவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது. இன்று நாம் ‘மைண்ட்ஸ்’ என்று அழைப்பது அதைத்தான். 1985-ல் அந்தப் பெயர் வந்தது. அதைத் தொடங்க முன்னின்றவர் குழந்தைநல மருத்துவர் ஃபிரீடா பால். லேசான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக 1976-ல் இன்னொரு சங்கம் வந்தது. அதுதான் இன்றைய ‘ஏபிஎஸ்என்’. காத்தோங், தங்ளின், சாவோயாங், டெல்ட்டா என்று பெயர் கேட்டிருப்பீர்கள், அவையெல்லாம் அதன் பள்ளிகள். 1987-ல் சிறப்புப் பள்ளி நடத்தும் ரெயின்போ சென்டர் என்ற அமைப்பு வந்தது. கல்வி அமைச்சின் பணமும் கட்டடமும் பின்னர் பெருகின. ஆனால் பள்ளிகளை நடத்துவது இன்றும் சமூக சேவை அமைப்புகள்தாம்.

வேறு நாடுகளில் கதை வேறு மாதிரி போனது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1971-ல் பெற்றோர் சங்கமே மாநில அரசின்மீது வழக்குப் போட்டது. “கற்பிக்க முடியாதவர்கள்” என்று சொல்லி எங்கள் பிள்ளைகளை எப்படி வெளியே நிறுத்தலாம் என்பதுதான் கேள்வி. அந்த வழக்கும் அதைப் போன்ற மற்ற வழக்குகளும் சேர்ந்து 1975-ல் அந்த நாடு முழுவதற்கும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தன. இங்கிலாந்து 1970-ல் சட்டம் போட்டு, எந்தப் பிள்ளையையும் கல்விக்கு வெளியே விடக்கூடாது என்றது. நம் ஊரில் வழக்கு இல்லை, தொண்டு இருந்தது. தொண்டர்கள் இவ்வளவு நன்றாகச் செய்ததால்தானோ என்னவோ, சட்டம் அவசரப்படவில்லை. இது என் சொந்தக் கருத்து. உடன் வேலை செய்பவர்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2000-ல் நிறைவேறி 2003 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்தது. ஆறு வயதானால் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், தவறினால் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை. இதில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு! பெற்றோர்மீது பாரம் ஏற்றக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் விலக்கு என்றால் வீட்டில் அதற்கு என்ன பொருள்? பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடலாம். இருபது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு வகுப்பறையையும் பார்க்காமல் எங்களிடம் வந்துசேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அண்ணனும் தங்கையும் பல்கலைக்கழகம் வரை போனவர்கள்.

அந்த விலக்கு நீங்கியது 2019-ல்தான். அந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்கு வரவேண்டிய வயதினரிலிருந்து, மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும் சட்டத்துக்குள் வந்தார்கள். அதற்கு முந்தைய வயதினருக்கு இது பொருந்தாது. இன்னொன்றையும் நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே குடும்பம் நடத்தும் பலர் இது தெரியாமல், பிள்ளைக்கு நாலு வயதான பிறகுதான் எங்கே சேர்ப்பது என்று தேடத் தொடங்குகிறார்கள்.

மொழி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. “வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்” என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள், பெற்றோரும் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை வைத்து கனடாவில் செய்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று, இரு மொழிச் சூழலில் வளர்வதால் அவர்கள் பின்தங்கிவிடவில்லை என்றே காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன.

ஈசூனில் ஒரு வீடு. அம்மாவும் அப்பாவும் அறிவுரைப்படி பையனிடம் ஆங்கிலமே பேசினார்கள். பள்ளி விட்டதும் மாலைவரை அவன் இருப்பது அப்பத்தாவிடம்; அவருக்குத் தமிழ் மட்டும்தான். பசித்தால் பையன் அவர் சேலையைப் பிடித்து இழுப்பான். கழிப்பறை என்றாலும் அதே இழுப்புதான். எது எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பேச்சுச் சிகிச்சையாளரும் நானும் சேர்ந்து படமும் தமிழ் எழுத்தும் உள்ள அட்டைகளைச் செய்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம்: தண்ணி, பசிக்குது, பாத்ரூம், போதும். முதல் மூன்றும் அப்பத்தாவுக்குப் பிடித்துப்போயின. நாலாவது பிடிக்கவில்லை. இரண்டாவது தோசை முடிந்ததும் பையன் ‘போதும்’ அட்டையை எடுத்து அவர் கையில் வைத்துவிடுவான். “என்னத்த சாப்பிட்டான், அதுக்குள்ள அட்டைய நீட்டுறான்” என்று என்னிடமே புகார். உரிமை உரிமை என்று நாங்கள் பயிற்சி வகுப்புகளில் பேசுவது அந்த வீட்டில் அப்படித்தான் ஆரம்பமானது.

சட்டப்படிப் பார்த்தாலும் அது சரி. 2010-ல் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர் தாமே முடிவெடுக்கத் தேவையான உதவிகளை எல்லாம் செய்து பார்த்திருக்க வேண்டும். அவர் எடுக்கும் முடிவு நமக்கு அசட்டுத்தனமாகத் தெரிகிறது என்பது மட்டும் காரணமாகாது. தினமும் அதே சிவப்புச் சட்டைதான் வேண்டும் என்கிற மகனோடு காலையில் மல்லுக்கட்டும் அம்மாக்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அதே சட்டத்தின் மறுபக்கம்தான் பெற்றோரைத் திகைக்க வைக்கிறது. பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால், அப்பா அம்மா என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குப் பதில் கையெழுத்துப் போட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகன் பெயரில் சேர்த்த பணத்தை எடுக்க வங்கிக்குப் போனார். முகப்பில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினார்: “அக்கா, கணக்கு அவர் பேர்ல இருக்கு, அவர்தான் சைன் பண்ணணும்.” மகன் பேனாவை வாங்கிப் படிவம் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டான். அதன்பின் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, மகனின் பிரதிநிதியாகத் தம்மை நியமிக்கும் ஆணை வாங்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை.

இன்னொரு கேள்வியை அம்மாக்கள் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்கள். பெண் வயதுக்கு வந்துவிட்டாள், பயமாக இருக்கிறது, பிள்ளை உண்டாகாதபடி ஆபரேஷன் செய்துவிடலாமா என்று. முன்பு பெற்றோர் சம்மதித்தால் போதும் என்றிருந்தது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. தானே சம்மதம் தரும் திறன் இல்லாதவருக்கு அந்தச் சிகிச்சை செய்ய இப்போது நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்த அம்மாக்களின் பயம் பொய்யானதல்ல. ஆனால் ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கெட்ட எண்ணத்தோடு நெருங்குகிறவனைத் தடுக்காது. மாதவிலக்கைச் சமாளிப்பதையும், யார் தொட்டால் ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013-ல் ஏற்புறுதி செய்தது, சில பிரிவுகளில் மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது. அவற்றில் ஒன்று தனியார் காப்புறுதி பற்றியது. ஏஜென்ட் உங்கள் பிள்ளைக்கு மட்டும் பாலிசி இல்லை என்று கைவிரிப்பது அதனோடு தொடர்புடையதுதான். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் 2015-லிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது என்பது ஒரு நிம்மதி. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், உடற்குறையையோ அறிவுத்திறன் குறைபாட்டையோ காட்டி வேலையில் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்க இயற்றப்பட்டது. ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக் கடைகளில் முக்கால்வாசி அந்தக் கணக்கில்தான் வரும்.

பெரும்பாலான சிறப்புப் பள்ளி மாணவர்கள் 18 வயதில் வெளியேறுகிறார்கள். அதனால் பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு ஆகும்போதே பள்ளியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நீதிமன்றப் பிரதிநிதியாக விண்ணப்பிக்கப் பள்ளி வழியாகவே உதவும் திட்டம் இருக்கிறது, தனியாக வழக்கறிஞர் தேடி அலைய வேண்டாம். நீங்கள் போன பிறகு பிள்ளைக்குப் பணம் போய்ச் சேர, 2008-ல் தொடங்கிய சிறப்புத் தேவை அறக்கட்டளை நிறுவனத்தில் 5,000 வெள்ளியில் ஓர் அறக்கட்டளை அமைக்கலாம். அதுவும் முடியாதென்றால், உங்கள் மத்திய சேமநிதிச் (மசேநி) சேமிப்பு பிள்ளைக்கு மாதாமாதம் போகும்படி செய்ய 2014-லிருந்து தனித்திட்டம் உண்டு.

பிரதிநிதி விண்ணப்பத்தில், உங்களுக்குப் பின் யார் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். “அக்கா இருக்கா, பார்த்துக்குவா” என்று எழுதிவிடுவதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் எண்ணம் அவளுக்கு இருக்கலாம், அல்லது சந்தோஷமாகச் சரி என்றும் சொல்லலாம். மருத்துவர் அறிக்கையும் வேண்டியிருக்கும். பிள்ளையை நன்கு தெரிந்த ஆசிரியர்களும் சிகிச்சையாளர்களும் பக்கத்தில் இருக்கும்போதே அதை வாங்கிவிடுவது எளிது.